அண்ணன் வெட்டிய குறி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். இடுப்பும் ஒரு கடைவாய்ப் பல்லும் அதற்குச் சம்மதிக்கவில்லை. உங்கள் முழங்கால் ஆபீஸ் மாடிப்படியோடு சமாதானமாகிவிட்டதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். ஏரி பள்ளத்தில் கிடக்கிறது. பேச வேண்டுமென்றால் கரை உச்சியில் ஏறி நின்று கத்த வேண்டும். அண்ணியிடம் நான் பல்வலியைச் சொல்லி மூக்கால் அழுவதை நாற்பது பேர் கேட்பார்கள். அந்தப் பக்கமோ, என் குரல் காதில் விழக் கூடாத அண்ணன் உங்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சேறும் தண்ணீரும் பாட்டிலில் அடைத்துச் சோதனைக்கு ஆபீசுக்கு அனுப்புகிறோமே, அந்தப் பெட்டியில் இதையும் வைக்கிறேன். நாற்றமடித்தால் கையெழுத்தைத் திட்டாதீர்கள்.

ஏரி என்பது காகிதத்தில்தான். முப்பது வருஷமாகச் சாயப் பட்டறைகள் விட்ட கழிவு தார் மாதிரி நிற்கிறது. செத்த ஏரிகளுக்கு உயிர் கொடுக்கும் கம்பெனி என்று அண்ணன் நம் போர்டில் எழுதி வைத்திருக்கிறார். எழுதுவது அவர், சேற்றில் இறங்குவது நான். கறுப்புத் தண்ணீரை இறைத்துச் சுத்திகரிப்புத் தொட்டிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அது முடிந்ததும் சேறு அள்ள வேண்டும். பிறகு மேற்கே, வாய் மட்டும் கட்டி முடித்திருக்கிற நாணல் வாய்க்கால், கிழக்கே உபரித் தண்ணீர் வழிந்து போகக் கலிங்குச் சுவர். மழை வந்து ஏரி நிறைந்தால், தண்ணீர் நாணலுக்குள் புகுந்து வடிகட்டப்பட்டு எதிர்க்கரைக் குடியிருப்பின் கிணறுகளுக்குப் போகும். அங்கே கடைசி வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். தினமும் கரைக்கு வந்து, "எப்ப சார் தண்ணி வரும்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசையில் வைத்தே அவருக்குத் தோள்பட்டை போய்விட்டதாம். எனக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்கிறது.

ஒரு விஷயம். எந்த ஏரியானாலும் தண்ணீர் இறைத்த ஒரு வாரத்தில் அண்ணன் வந்து, தான் வெட்டிய அளவுக் குறியைத் தானே மறுபடி சரிபார்ப்பார். இந்த முறை எப்போது வருகிறார்? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். ஆட்களுக்குச் சாப்பாடு சொல்ல வேண்டும், அதற்காகத்தான்.

உங்கள் அன்புக்குரிய,
கொழுந்தன்


பிப்ரவரி 19

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது, கூடவே சேறும் வந்தது. இரண்டையும் பிரித்து எடுக்கவே எனக்கு அரைமணி நேரம் ஆனது. நான் சௌக்கியம். முழங்கால் மாடியேறும்போது மட்டும் கட்சி மாறும்.

பல்லைப் போய்க் காட்டு. ஐம்பத்திரண்டு வயதில் பல் வலிக்கு அண்ணியிடம் மூக்கால் அழுகிற ஆள் நீ ஒருவன்தான் இருப்பாய். நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் பல் வலி என்று லீவு போட்டாயே, அதே பல்லா? மாத்திரையும் இரண்டு பனியனும் பெட்டியில் வைத்திருக்கிறேன். பனியனைத் துவைத்துப் போடு. கிழிகிறவரை அப்படியே போடாதே.

அண்ணன் நன்றாக இருக்கிறார். முதுகு பிடித்திருக்கிறது. தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் இப்போதைக்கு வர முடியாது. காலையில் ஆபீசுக்கு வந்து தன் நாற்காலியில் உட்காருகிறார், சாயங்காலம் நான் கூப்பிட்டதும் எழுந்து வருகிறார். உன்னை விசாரித்தார். நம்ப மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன், விசாரித்தார்.

ஆபீசில் எனக்குத் தலைக்கு மேல் வேலை. மழைக்கு முன்னால் முடித்துக் கொடுத்துவிடு. இந்த ஏரியோடு நாம் எல்லோரும் கொஞ்சம் உட்காரலாம் என்று இருக்கிறது.

இப்படிக்கு,
அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பல்லைப் பிடுங்கியாயிற்று. இப்போது இடுப்பு மட்டும்தான் எதிர்க்கட்சி. உங்கள் மாத்திரைகளில் பாதியை மேஸ்திரி தின்றுவிட்டார். அவருக்குப் பல் வலி இல்லை, சும்மா கிடைக்கிறது என்பதால் தின்றார்.

ஏரி காய்ந்துவிட்டது. சேறு முக்கால்வாசி போய்விட்டது. அடியில் களிமண் வெடித்துக் கிடக்கிறது, கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. நாணல் வாய்க்காலின் வாயை ஜனவரியிலேயே கட்டிவிட்டோம், அது கெட்டியான சரளை மண் மேட்டில் நிற்கிறது. அடுத்தது கலிங்கு. இங்கே நிற்காமல் நடக்கிற ஒரே வேலை, பம்ப் ஆபரேட்டர் ஆள் வைத்து பம்ப் ஹவுஸ் கதவைச் சீவுவதுதான். கதவு தரையில் உரசுகிறது என்று ஒரே மாதத்தில் மூன்று முறை தச்சரைக் கூப்பிட்டுவிட்டார். இப்படியே போனால் கதவு ஜன்னலாகிவிடும் என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

கலிங்கின் உயரத்துக்கான லெவல் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அண்ணன் பார்த்து 'சரி' என்று எழுதினால்தான் கான்கிரீட் ஊற்றுவேன். என் தாளில் அரை விரல் தப்பை முகச் சவரம் செய்துகொண்டே கண்டுபிடித்த மனுஷன் அவர். என் மேல் ஆயிரம் கோபம் இருக்கட்டும், தாளைப் பார்ப்பதில் அவர் வஞ்சனை செய்ததில்லை.

மேஸ்திரி நேற்று தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சார், பம்ப் ஹவுஸ் மேல்படியில பெரிய சார் வெட்டின குறியை ஒரு தடவ சரிபாத்துட்டு ஊத்தலாமா?" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். உங்களுக்குத் தெரியும், நம் கம்பெனியில் எல்லா உயரமும் அந்த ஒரு குறியில் இருந்துதான் அளக்கிறோம். அதை வெட்டுவது அண்ணன், சரிபார்ப்பதும் அண்ணன். வேறு யாரும் அதில் கை வைத்ததில்லை. அதிலும் நான் கை வைத்தால் என்ன ஆகும்? போன ஏரியில் கரை சரிந்தபோது, "ஒரு கல்லை ஒழுங்கா வைக்கத் தெரியல, நீயெல்லாம் எதுக்கு வேலைக்கு வர்ற?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது நான் அவர் குறியைச் சோதித்தால், பழிக்குப் பழி என்றுதான் ஊரே சொல்லும். அவர் வர முடியாவிட்டாலும் தாள் போதும்.

உங்கள்,
கொழுந்தன்


ஏப்ரல் 20

தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

தாள் இதோடு இருக்கிறது. பார்த்தாயிற்று, சரி என்று எழுதியிருக்கிறது. தாமதமானால் மழை பிடித்துக்கொள்ளும், ஊற்றிவிடு.

அண்ணனுக்கு வேலை அதிகம். தாள் எல்லாம் என் பெயருக்கே அனுப்பு. எனக்கும் கொஞ்ச நாளாக நீளமாக எழுத உடம்பு ஒத்துழைக்கவில்லை, தப்பாக நினைக்காதே.

அண்ணி


ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நலமில்லை. உடம்பைச் சொல்லவில்லை.

கலிங்கு கட்டி முடித்து, பலகை பிரித்து, தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தி, எல்லாம் ஒழுங்காக நடந்தது. போன செவ்வாய்க்கிழமை ஒரு திருப்திக்காக வாய்க்கால் வாயில் லெவல் கருவியை வைத்துக் கலிங்கின் தலையைப் பார்த்தேன். கலிங்கு, வாய்க்கால் வாயைவிட மூன்று விரல் உயரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் நிறைந்த ஏரி வாய்க்காலுக்குள் எட்டிப் பார்க்கும். ஆனால் கலிங்கு ஒரு விரல் தாழ்ந்து நிற்கிறது. மொத்தம் நாலு விரல் குறைவு. கருவியை மாற்றிப் பார்த்தேன், ஆளை மாற்றிப் பார்த்தேன், கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன். நாலு விரல்தான்.

அப்புறம்தான் அந்தக் கதவு ஞாபகம் வந்தது. ஓடிப் போய் பம்ப் ஹவுஸ் படியைப் பார்த்தேன். ஏரிக் களிமண்ணின் மேல் கட்டிய கட்டடம் அது. தண்ணீரை இறைத்ததும் களிமண் காய்ந்து சுருங்கியிருக்கிறது, கட்டடம் மெல்ல மெல்ல அமிழ்ந்திருக்கிறது. படியும் அதோடு போய்விட்டது, படியில் இருக்கிற குறியும் போய்விட்டது. வாய்க்கால் வாயை அளந்தபோது குறி பழைய இடத்தில் இருந்தது. கலிங்கை அளந்தபோது நாலு விரல் கீழே. நாங்கள் அமிழ்ந்த குறியில் இருந்து சுத்தமாக, நேர்த்தியாக, தப்பாக அளந்திருக்கிறோம். நாலு மாதமாகக் கதவு தரையில் உரசி உரசிச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன்.

மழை வந்தால் ஏரி நிறையும், பார்க்க அழகாக இருக்கும். கலிங்கு வழியாக வழிந்து ஓடிப் போகும். வாய்க்காலுக்குள் ஒரு சொட்டு ஏறாது. தையல்காரம்மா வீட்டுக் கிணறு இப்போது போலவே இருக்கும்.

தப்பு என்னுடையது. தண்ணீர் இறைத்த பிறகு படியைப் பார்த்திருக்க வேண்டியவன் நான். அண்ணனிடம் அப்படியே சொல்லுங்கள். கலிங்கின் தலையைக் கொத்தி, கம்பி நட்டு, நாலு விரல் உயர்த்த வேண்டும். முதலாளி அவர், அவர் சொல்லாமல் கட்டின சுவரில் கை வைக்க மாட்டேன். மழைக்கு ஏழெட்டு வாரம்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நான் அனுப்பிய தாளில் படியும் வாய்க்கால் வாயும் பக்கத்துப் பக்கத்து வரியில் இருந்தன, இரண்டுக்கும் நடுவில் இருந்த உயரம் ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் இன்னொன்று. நான் அன்றன்றைக்கு எழுதிக்கொண்டே போனவன், எனக்குத் தெரியவில்லை. மொத்தமாகப் பார்க்கிற அண்ணனுக்கு அது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். தெரிந்தும் விட்டாரா? நான் இன்னொரு முறை எல்லோர் முன்னாலும் விழட்டும் என்று விட்டாரா? அப்படி இருக்காது என்று நீங்கள் எழுதினால் நம்புவேன்.

கொழுந்தன்


ஜூன் 29

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கிறேன்.

பெட்டி வந்தது. காலி பாட்டில்கள் பன்னிரண்டு, லேபிள் கட்டு ஒன்று. துழாவித் துழாவிப் பார்த்தேன், வேறு எதுவும் இல்லை. கரை உச்சியில் ஏறி மூன்று முறை போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது.

மேற்பார்வை அதிகாரியிடம் நடந்ததை எழுத்தில் கொடுத்துவிட்டேன். மழைக்கு முன் சரிசெய்தால் ஆட்சேபணை இல்லை என்றார். இப்போது அண்ணனின் ஒரு வார்த்தைதான் பாக்கி. தையல்காரம்மாவுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. கலிங்கு மேல் கையை வைத்து, "நாலு விரலா சார்? இவ்ளோதானா?" என்று தன் விரல்களைப் பார்த்தார். ஆமாம் என்றேன். "இதுக்கு ஏன் சார் யோசிக்கிறீங்க?" என்றார். எங்கள் வீட்டு ரோஷத்தின் உயரம் அதைவிட அதிகம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அண்ணி, அலுத்துவிட்டது. முப்பது வருஷம் அவர் பின்னால் அளவுக்கோலைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். இந்த ஏரியை எப்படியாவது முடித்துக் கொடுத்துவிட்டுக் கம்பெனியை விட்டுப் போகிறேன். எங்கே என்று கேட்காதீர்கள். தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்துப் போகிறேன்.

கொழுந்தன்


ஜூலை 11

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். நீ போன் செய்தபோதும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். எடுத்தால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தாளை உன் அண்ணன் பார்க்கவில்லை. 'சரி' என்று எழுதியதும், கீழே அவர் கையெழுத்தைப் போட்டதும் நான்.

அவருக்கு முதுகு பிடிக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஞாபகம் போகிறது, தம்பி. ஒன்றரை வருஷமாகப் போகிறது. முதலில் சாவியை மறந்தார், அப்புறம் ஆட்களின் பெயரை. இப்போது சில நாள் காலையில் என்னையே, "நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்கிறார். உன் லெவல் தாளை அவர் முன்னால் வைத்தேன். ஒரு மணி நேரம் பார்த்தார். அப்புறம் அதை நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு. நீ கான்கிரீட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாய். இத்தனை வருஷம் உன் தாளில் பெரிய தப்பு இருந்ததில்லை என்ற நம்பிக்கையில் நானே எழுதிவிட்டேன். அதனால் தெரிந்தும் விட்டாரா என்று நீ கேட்டதற்குப் பதில், இல்லை. அவருக்குத் தெரியவில்லை. எனக்கோ அதைக் கண்டுபிடிக்கிற படிப்பு இல்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். ஆரம்பத்தில், நல்ல தெளிவாக இருந்த ஒரு நாள், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "தம்பிக்கு மட்டும் தெரிய வேணாம். அவன் முன்னாடி நான் இப்படி நிக்க மாட்டேன்." சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றப் போய் உன் கலிங்கைத் தாழ்த்திவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ அந்தப் படியைப் பற்றி எழுதியபோது, அதில் குறி வெட்டியது யார் என்று ஒரு வார்த்தை எழுதாமல் பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய். படித்து அழுதேன். போன வருஷம் குறி வெட்ட அங்கே வந்தோமே, அப்போதே அவருக்கு ஆரம்பித்துவிட்டது. வழியில் இரண்டு முறை, எங்கே போகிறோம் என்று கேட்டார். பழைய அண்ணனாக இருந்தால் களிமண் மேல் நிற்கிற கட்டடத்தில் குறி வெட்டுவாரா? பாறையைத் தேடி ஒரு மைல் நடந்திருப்பார். அன்றைக்குத் திரும்பி வரும்போது காரில், "அவன் ஏன் என்கூடப் பேசல?" என்று கேட்டார். அவனுக்குப் பல் வலி என்றேன். "அப்படியா, மாத்திரை வாங்கிக் குடுத்தியா?" என்றார்.

உன் அண்ணனுக்கு அந்தச் சண்டை மறந்துபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, தம்பி. இன்னும் பேசாமல் இருப்பது நீ ஒருவன்தான்.

முதலாளியின் வார்த்தை வேண்டும் என்றாய். அதைச் சொல்ல இப்போது நான்தான் இருக்கிறேன். கொத்து. உயர்த்து. கம்பெனியை விட்டுப் போவது பற்றி அப்புறம் பேசலாம். என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டி எழுது, ஆனால் எழுது.

அண்ணி


ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று தாள் கிழித்துவிட்டேன், இது நாலாவது. பெட்டிக்குக் காத்திருக்காமல் தபாலில் போடுகிறேன்.

உங்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. ஒன்றரை வருஷம் தனியாக இதைத் தூக்கிக்கொண்டு, நடுவில் எனக்குப் பனியனும் அனுப்பியிருக்கிறீர்கள். கையெழுத்தை நான் அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அண்ணன் எழுத்து அவ்வளவு நேராக என்றைக்கு இருந்தது?

அந்தக் குறி வெட்டிய நாளை நினைத்தபடியே இருக்கிறேன். எதற்கு இந்தப் படியில் வெட்டுகிறார் என்று எனக்கு அப்போதே பட்டது. வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பேன். அவரோடு பேசுவதில்லை என்பதால் கேட்கவில்லை. இந்த நாலு விரலும் அங்கேதான் ஆரம்பித்தது, உங்கள் கையெழுத்தில் இல்லை. வெட்டி முடித்து உளியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார். நாலு பேர் முன்னால் நல்லவன் வேஷம் போடுகிறார் என்று நினைத்தேன். மேஸ்திரி பக்கம் திரும்பி, "சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க" என்றேன். மேஸ்திரி சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினார்.

அண்ணி, அவர் நிஜமாகவே கேட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை கலிங்கைக் கொத்த ஆரம்பிக்கிறோம். வடக்கே கரைக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது, பூமியிலிருந்தே எழும்பி நிற்கிற பாறை. ஏரி காய்ந்தாலும் நிறைந்தாலும் அதற்குக் கவலை இல்லை. புதுக் குறி அங்கே. ஆனால் நான் வெட்ட மாட்டேன். நம் கம்பெனியில் குறி வெட்டுவது அவர்தான். அழைத்து வாருங்கள். முடியுமா?

உங்கள்,
கொழுந்தன்


ஜூலை 24

தம்பிக்கு,

வருகிற வியாழக்கிழமை புறப்பட்டு வருகிறோம். டாக்டர் சரி என்றார், தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்துக் காலையிலேயே வேலையை முடியுங்கள் என்றார். மதியத்துக்கு மேல் களைத்துவிடுவார்.

உளியைத் தேடி எடுத்து வைத்தேன். பார்த்ததும் வாங்கி, விரலால் நுனியைத் தடவிவிட்டு, "மொக்கையா இருக்கு, தீட்டணும்" என்றார். என் பெயர் தெரியாத நாளில் உளி மொக்கை என்பது தெரிகிறது. சிரிப்பதா அழுவதா தெரியாமல் தீட்டக் கொடுத்தனுப்பினேன்.

உன்னை அவருக்கு அடையாளம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். தெரியவில்லை என்றால் நான்தான் உங்கள் தம்பி என்று வற்புறுத்தாதே. பயந்துவிடுகிறார். அவர் என்ன சொல்கிறாரோ அதற்கு ஒத்துப் போ. முக்கியமாக, அவர் முன்னால் அழாதே. நீ அழுதால் நானும் சேர்ந்துகொள்வேன், அப்புறம் வண்டியில் யார் யாரைத் தேற்றுவது?

ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் நேற்று நன்றாகத் தூங்கினேன். உன்னிடம் சொன்னதனால்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணி


செப்டம்பர் 21

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம், இந்த முறை இடுப்பும் சேர்ந்து சொல்கிறது. நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்?

நீங்கள் வந்து போய் ஏழு வாரம் ஆகிறது. வேலையால் எழுதவில்லை என்று சொல்லலாம், ஆனால் அது பொய். அன்றைக்கு உங்கள் முழங்கால் பாறை மேட்டில் ஏறாது என்று ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். மேலே என்ன நடந்தது என்று திரும்பி வந்ததும் கேட்டீர்கள். குறி வெட்டினார் என்று மட்டும் சொன்னேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

பாறையில் சரியான உயரத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பாறையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "நல்ல கல்லு" என்றார். அப்புறம் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தார். வண்டியிலிருந்து இறங்கும்போது நடுங்கிய கை அது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு கோடு, அதன் கீழே ஒரு அம்பு, எப்போதும் வெட்டுகிற மாதிரி. மேஸ்திரி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் இங்க இன்ஜினியரா?" என்றார். ஆமாம் சார் என்றேன். உங்கள் கட்டளைப்படி அழவில்லை.

"உளி கொஞ்சம் விலகியிருந்தாலும் குறி தப்பாயிடும். நான் வெட்டினதுன்னு அப்படியே விட்டுடாதீங்க, யாராவது சரிபாக்கணும்" என்றார். பார்க்கிறேன் என்றேன். தலையை ஆட்டினார். "நீங்க வேணாம். என் தம்பி வருவான். அவன் பாத்தா சரியா இருக்கும்."

முப்பது வருஷத்தில் இந்த வார்த்தை என் காதில் விழுந்ததில்லை, அண்ணி. விழுந்த அன்றைக்கு நான் யாரோ ஒரு இன்ஜினியராக நின்றுகொண்டிருந்தேன். "வந்து பாப்பார் சார்" என்றேன். அப்புறம் அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தேன். கையை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினார். பாதி வழியில், "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை சார், உங்களோடுதான் சாப்பிடப் போகிறேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அதனால்தான் அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டேன். நீங்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள்.

உங்கள் வண்டி கிளம்பியதும் கருவியை எடுத்துக்கொண்டு மறுபடி பாறைக்குப் போனேன். வாய்க்கால் வாயிலிருந்து குறிக்கு ஒருமுறை, குறியிலிருந்து வாய்க்கால் வாய்க்கு ஒருமுறை அளந்தேன். அண்ணன் வெட்டிய குறியை நான் சரிபார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. நூல் அளவுகூட வித்தியாசம் இல்லை. அந்தக் குறியில் இருந்துதான் கலிங்கை நாலு விரல் உயர்த்தினோம்.

போன வாரம் மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. நேற்று காலை ஏரி கலிங்கின் தலையைத் தொடுவதற்கு முன்பே வாய்க்கால் வாய்க்குள் தண்ணீர் நுழைந்தது. கலங்கலாக, குப்பையோடு, ரொம்ப மெதுவாகத்தான் போனது. நாணல் வேர் பிடித்துக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற பதத்துக்கு வர இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். தையல்காரம்மாவிடம் அதைச் சொன்னேன். "வர வழி தெரிஞ்சிடுச்சில்ல சார், வரட்டும்" என்று சொல்லிவிட்டு, வாய்க்கால் ஓரமாகவே அதோடு சேர்ந்து தன் வீடு வரைக்கும் நடந்து போனார்.

அந்த ஒரு வருஷமும் நாணலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் எங்கும் போகவில்லை. மாதத்தில் ஒரு வாரம் வீட்டுக்கு வருகிறேன், அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் உங்கள் தங்கை வீட்டில் போய்த் தூங்குங்கள். இனி லெவல் தாளில் கையெழுத்து நான் போட்டுக்கொள்கிறேன், உங்களுடையது ரொம்ப நேராக இருக்கிறது.

அண்ணனுக்கு இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துக் காட்ட வேண்டாம், களைத்துவிடுவார். ஒன்று மட்டும் சொல்லுங்கள். தம்பி வந்து பார்த்தான், குறி சரியாக இருக்கிறது என்று சொல்லுங்கள். மறந்துவிட்டு நாளைக்கும் கேட்பார். நாளைக்கும் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
கொழுந்தன்